நாணலுக்குக் கீழே நடக்கும் வேலை

எங்கள் குடியிருப்பின் பின்மதிலை ஒட்டி ஒரு ஜல்லிப் படுகை இருக்கிறது. சென்னையின் தெற்குப் புறநகரில் பாதாளச் சாக்கடை இன்னும் வந்து சேராத பகுதி என்பதால், கழிவுநீரை எங்கள் எல்லைக்குள்ளேயே சுத்திகரித்துத் தோட்டத்துக்குப் பாய்ச்சுகிறோம். கசடு தங்கும் தொட்டியிலிருந்து வரும் நீர் ஜல்லிக்குள் புகுந்து, கண்ணுக்குத் தெரியாமலே நகர்ந்து, மறுமுனையில் வெளியேறுகிறது. மேலே நாணலும் கல்வாழையும் செழித்து நிற்கின்றன. பார்க்க வருகிறவர்களிடம் சங்கத்தார் சொல்லும் விளக்கம் எப்போதும் ஒன்றுதான்: இந்தச் செடிகள் அழுக்கையெல்லாம் உறிஞ்சிக்கொள்கின்றன. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ உறுத்தும். பராமரிப்பு ஒப்பந்தக்காரரோ மாதம் ஒருமுறை பழுப்பு நிறப் பாக்டீரியாத் தூள் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்து தொட்டியில் கொட்டிவிட்டு, ‘கல்ச்சர்’ என்று பில் போட்டுக்கொண்டிருந்தார். அவர் கணக்கில் வேலை செய்வது அந்தத் தூள். செடியா, தூளா என்ற இந்த வழக்கில் இரு தரப்பையும் நம்ப முடியாதபடி செய்தது, படுகையின் வெளிவாயில் நின்றால் மூக்கில் ஏறும் அம்மோனியா நெடி.

இத்தனைக்கும் சோதனை அறிக்கைகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பி.ஓ.டி. (கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) வரம்புக்குள் இருந்தது, மிதக்கும் திடப்பொருளும் வரம்புக்குள் இருந்தது. அம்மோனியாவை யாரும் அளக்கவில்லை, ஏனென்றால் அளக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்காக மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015இல் வெளியிட்ட வரைவில் அம்மோனியாவும் மொத்த நைட்ரஜனும் இடம்பெற்றிருந்தன. 2017இல் விதி இறுதியானபோது அமில காரத் தன்மை, பி.ஓ.டி., மிதக்கும் திடப்பொருள், மலத்திலிருந்து வரும் கோலிஃபார்ம் பாக்டீரியா ஆகியவையே எஞ்சின. விதியில் இல்லாதது அறிக்கையில் வராது. அறிக்கையில் வராததைச் சங்கக் கூட்டத்தில் பேச முடியாது. மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் சோதனைக் குப்பியை வாங்கி நானே அளந்தேன். நல்ல நீரில் மஞ்சளாக நிற்க வேண்டிய கரைசல், எங்கள் நீரில் கரும்பச்சையாக மாறி, நிற அட்டையின் கடைசிக் கட்டத்தையும் தாண்டிவிட்டது. பத்து மடங்கு நீர்த்து மறுபடி பார்த்தபோதுதான் ஒரு மதிப்பீடு கிடைத்தது: உள்ளே போகும் அம்மோனியாவும் வெளியே வரும் அம்மோனியாவும் ஏறக்குறைய ஒன்று. அதாவது, செடி உறிஞ்சுவதாகவும் தூள் தின்பதாகவும் சொல்லப்பட்ட பொருள், படுகையின் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் அப்படியே வெளியேறிக்கொண்டிருந்தது.

வேர் தரும் காற்று எவ்வளவு?

செடிகளுக்கு இந்தப் பெயர் கிடைத்ததற்கு ஒரு வரலாறு உண்டு. ஜெர்மனியின் ப்ளோன் நகரில் இருந்த மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் 1950களில் கேத்தே சைடல், நீர்க்கோரைகள் மாசுநீரில் தாக்குப்பிடிப்பதையும், அவை வளரும் இடத்தில் நீர் தெளிவதையும் சோதனைகளால் காட்டினார். அவருக்குப் பின் வந்த ராய்ன்ஹோல்ட் கிக்குத், ‘வேர் மண்டல முறை’ என்ற பெயரில் நாணல் நட்ட மண் படுகைகளை முன்வைத்தார். 1974இல் ஓத்ஃப்ரெசன் என்ற ஊரில் அப்படி ஒன்று இயங்கத் தொடங்கியது. நாணலின் உள்ளீடற்ற தண்டு வழியே காற்று கீழிறங்குகிறது, வேர் அதை மண்ணுக்குள் கசியவிடுகிறது, அந்த ஆக்சிஜனை வைத்துப் பாக்டீரியா வேலை செய்கிறது என்பதே அம்முறையின் அடிப்படை. கேட்பதற்கு அழகான விளக்கம், பாதிக்கு மேல் உண்மையும்கூட. டென்மார்க்கில் 1980களில் இதை நம்பி ஏராளமான படுகைகளைக் கட்டினார்கள். பி.ஓ.டி. குறைந்தது, அம்மோனியா எதிர்பார்த்தபடி குறையவில்லை. கடைசியில் ஹான்ஸ் பிரிக்ஸ் என்ற டேனிஷ் ஆய்வாளர் நாணல் வழியே இறங்கும் ஆக்சிஜனை அளந்து பார்த்தார். 1990இல் வெளியான அவருடைய கணக்கின்படி, ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்கு நாணல் கீழே இறக்கும் ஆக்சிஜன் 2.08 கிராம்; அதில் 2.06 கிராமை வேர்களும் தண்டுக்கிழங்குகளும் தங்கள் சுவாசத்துக்கே எடுத்துக்கொள்கின்றன. பாக்டீரியாவுக்கு எஞ்சுவது 0.02 கிராம்.

இந்த எண்ணை எங்கள் படுகையில் வைத்துப் பார்த்தேன். நாளொன்றுக்கு 10,000 லிட்டர் நீர், 100 சதுர மீட்டர் பரப்பு, லிட்டருக்கு 40 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் என்று வைத்துக்கொண்டால், நாள்தோறும் 400 கிராம் நைட்ரஜன் வந்து சேர்கிறது. பாக்டீரியா அம்மோனியாவை ஆக்சிஜனோடு சேர்த்து நைட்ரேட்டாக்க வேண்டும்; ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜன் அப்படி மாற 4.57 கிராம் ஆக்சிஜன் வேண்டும். ஆகத் தேவை ஏறத்தாழ 1,830 கிராம். டேனிஷ் நாணலின் தாராளத்தை நம்பினால் கிடைப்பது 2 கிராம். நம் ஊர் வெயிலில் செடி இன்னும் தீவிரமாக வளரும், வேர் இன்னும் கொஞ்சம் கசியவிடும் என்று நூறு மடங்கு உயர்த்தினாலும் 200 கிராமைத் தாண்டாது. செடி தன் உடலுக்காக எடுத்துக்கொள்ளும் நைட்ரஜனோ சதுர மீட்டருக்கு ஆண்டுக்குச் சில பத்து கிராமிலிருந்து நூறு, இருநூறு கிராம் வரை இருக்கலாம். அதுவும் வெட்டி வெளியேற்றினால்தான் கணக்கில் சேரும். எங்கள் படுகையில் ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு வந்து விழுவது 1,460 கிராம். கல்வாழை பூத்துக் குலுங்குவதைப் பார்த்துச் சங்கத்தார் அடைந்த பெருமிதத்துக்கு இந்த வகுத்தல் கணக்கு சற்றும் ஒத்துழைக்கவில்லை.

கறுத்த ஜல்லி

கணக்கு ஒன்றைச் சொன்னாலும், படுகைக்குள் என்னதான் நடக்கிறது என்பதைக் கண்ணால் காணும் வாய்ப்பு வந்தது ஒரு கோடையில். உள்வாய்ப் பக்கம் நீர் மேலே தேங்கத் தொடங்கியதால், அங்கே ஜல்லியைத் தோண்டி எடுத்துக் கழுவ ஏற்பாடாகியிருந்தது. ஆபரேட்டர் அண்ணன் கடப்பாறையும் மண்வெட்டியுமாக இறங்கினார். மேலே ஒரு சாண் வரை ஜல்லி பழுப்பு நிறம், தொட்டால் வழவழப்பு. அதற்குக் கீழே மண்வெட்டி இறங்கியதும் வந்த ஜல்லி, தாரில் முக்கி எடுத்தது போன்ற கறுப்பு. கூடவே அழுகிய முட்டை நாற்றம். “சார், கீழ எல்லாம் செத்துப்போச்சு போல” என்றார் அவர். சாகவில்லை. ஆக்சிஜன் தீர்ந்துபோன இடத்தில் சல்ஃபேட்டைக் கொண்டு சுவாசிக்கும் பாக்டீரியா குடியேறியிருந்தது. அது வெளியிடும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, நீரிலும் கல்லிலும் உள்ள இரும்போடு சேர்ந்து இரும்பு சல்ஃபைடாகப் படிந்ததுதான் அந்தக் கறுப்பு. வெளியே குவித்து வைத்த ஜல்லி, மதியச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் மேற்பரப்பில் பழுப்பேறத் தொடங்கியிருந்தது. காற்றுப் பட்டதும் சல்ஃபைடு கலைந்து இரும்பு துருவாகிறது. கூடவே வந்த நாணல் வேர்களைக் கழுவிப் பார்த்தேன். இளம் வேர்களைச் சுற்றி மெல்லிய செம்பழுப்புப் பூச்சு இருந்தது; வேர் கசியவிட்ட ஆக்சிஜனின் தடம் அது. பூச்சின் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. அதைத் தாண்டினால் மீண்டும் கறுப்பு. பிரிக்ஸின் 0.02 கிராமைக் கையில் பிடித்துப் பார்த்தது போல இருந்தது.

அன்றே வெளிவாய்க் கால்வாயிலும் இறங்கிப் பார்த்தோம். படுகையிலிருந்து நீர் விழுந்து காற்றைச் சந்திக்கும் இடத்தில், சிமெண்டுத் தளத்தின்மேல் வெண்ணிற இழைகள் படர்ந்து நீரோட்டத்தில் அசைந்துகொண்டிருந்தன. பாசி என்றோ பூஞ்சை என்றோ நினைத்து வாரந்தோறும் துடைப்பத்தால் தேய்த்துவிடுவதாக அண்ணன் சொன்னார். ஒரு துளியை உருப்பெருக்கியில் வைத்தால் நீண்ட நூல்கள், அவற்றுக்குள் ஒளியைத் திருப்பியடிக்கும் சிறு மணிகள். மணிகள் கந்தகம், நூல்கள் சல்ஃபைடை ஆக்சிஜனால் எரித்து அதிலிருந்து ஆற்றல் பெறும் பாக்டீரியா. இந்த வகையைச் சேர்ந்த பெஜ்ஜியாடோவாவைத்தான் 1880களில் ஸ்ட்ராஸ்பூர்கில் ரஷ்ய நுண்ணுயிரியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி ஆராய்ந்து, கனிமப் பொருளை உண்டே ஓர் உயிர் வாழ முடியும் என்ற முடிவுக்கு வந்தார். அதே வினோகிராட்ஸ்கி சில ஆண்டுகளில் சூரிச்சில் அம்மோனியாவை உண்ணும் பாக்டீரியாவைத் தனியே பிரித்தெடுத்தார். எங்களுக்குப் படுகைக்குள் தேவைப்பட்டு இல்லாமல் போனது அந்த இரண்டாவது கூட்டம்.

வெள்ளை இழைகளைப் பார்த்தபோதுதான் என் கேள்வியின் வடிவம் மாறியது. சல்ஃபைடுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையில் கையகல எல்லை ஒன்று கால்வாயில் கிடைத்தவுடன், யாரும் கொண்டுவந்து விடாமலே, அந்த எல்லையில் வாழத் தெரிந்த உயிர் வந்து உட்கார்ந்துவிட்டது. வாரந்தோறும் துடைப்பம் தேய்த்தும் அது போகவில்லை. அம்மோனியா உண்ணும் பாக்டீரியா எங்கள் படுகையில் இல்லை என்றால், அதற்குரிய இடம் அங்கே இல்லை என்றுதான் பொருள். கரிமப் பொருளைத் தின்னும் பாக்டீரியா வேகமாகப் பெருகும். குடலில் வாழும் ஈ.கோலி பாக்டீரியாவுக்கு நல்ல உணவு கிடைத்தால் இருபது நிமிடத்தில் ஒன்று இரண்டாகும். அம்மோனியா உண்ணும் நைட்ரோசோமோனாஸ் இரட்டிப்பாக, எல்லாம் சாதகமாக இருந்தாலே பல மணி நேரம் ஆகும், பெரும்பாலும் ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். இருவரும் ஒரே ஆக்சிஜனுக்குப் போட்டியிடும் இடத்தில் மெதுவானவருக்கு எதுவும் மிஞ்சாது. இட்லி மாவுக்கு நம் வீடுகளில் யாரும் பாக்டீரியா வாங்கி ஊற்றுவதில்லை. உளுந்தோடு வந்ததே, உப்பும் வெதுவெதுப்பும் ஓர் இரவும் கிடைத்தால் தன் வேலையைச் செய்கிறது. ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டு மாவு பொங்கவில்லையே என்று தூள் தேடுவார் யாருமில்லை.

படுகையைப் பிளந்தது

அதற்குப் பிறகு நடந்தது பெரும்பாலும் கொத்தனார் வேலை. படுகையின் குறுக்கே ஒரு சுவர் எழுப்பி இரண்டாகப் பிரித்தோம். முதல் பாதி பழையபடியே நீர் நிறைந்து, கரிமப் பொருளைக் கரைக்கும் வேலையைத் தொடர்ந்தது. இரண்டாம் பாதியில் அடியில் ஜல்லியும் மேலே பருமணலுமாக நிரப்பி, துளையிட்ட குழாய்கள் வழியே நீரை மேலிருந்து விடும்படி செய்தோம். டைமர் போட்ட சிறு மோட்டார், சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு தவணை நீரை அனுப்பும். அது மணல் வழியே வடிந்து கீழே போய்விடும். வடியும்போது தன் பின்னால் காற்றை உள்ளே இழுக்கும். ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 270 கிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 30 டிகிரியில் அதே அளவு நீரில் கரைவது ஏழரை கிராம். நீரை நிறுத்தி வைக்கும் படுகைக்கும் நீரை வடியவிடும் படுகைக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்த இரண்டு எண்களுக்குள் அடங்கிவிடுகிறது. டென்மார்க்கும் இந்த வழிக்குத்தான் வந்து சேர்ந்தது. ஓர் ஆளுக்கு 3.2 சதுர மீட்டர், ஒரு மீட்டர் ஆழ மணல் என்று பிற்பாடு அங்கே, நீரை இப்படி மேலிருந்து கீழே வடியவிடும் செங்குத்துப் படுகைகளுக்கு வழிகாட்டு நெறியே வகுத்தார்கள். பிரான்ஸில் இன்னும் துணிந்து, கசடு நீக்காத கழிவுநீரையே இப்படிப்பட்ட படுகையில் விடுகிறார்கள். மூன்று படுகைகள் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் மூன்றரை நாள் நீர், ஏழு நாள் ஓய்வு. ஓய்வு நாட்களில் பாக்டீரியா தன் சகாக்களின் சடலங்களையே தின்று துளைகளைத் திறந்துவிடுகிறது.

குப்பிச் சோதனையை அந்த நாட்களில் விடாமல் செய்தேன். சில காலம் ஒன்றும் மாறவில்லை. சங்கச் செயலாளர் என்னைப் பார்க்கும் பார்வை மட்டும் மாறிக்கொண்டிருந்தது. பிறகு அம்மோனியாவின் பச்சை மெல்ல வெளுக்கத் தொடங்கியது. அதே சமயம் நைட்ரைட் குப்பி அடர்ந்த ஊதாவாகியது. பாதி வேலை நடக்கிறது என்று அதற்குப் பொருள்: அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும் கூட்டம் வந்துவிட்டது, நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும் கூட்டம் இன்னும் போதிய அளவு பெருகவில்லை. முதல் கூட்டத்தின் கழிவுதான் இரண்டாம் கூட்டத்தின் உணவு என்பதால் அது பின்னால்தான் வர முடியும். சில வாரங்களில் ஊதாவும் மங்கியது, நைட்ரேட் ஏறியது, நெடி போனது. ஒப்பந்தக்காரர் இது தன் தூளின் பலன் என்றார். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்தால், உள்ளே இருப்பவை பேசில்லஸ் இனத்தின் வித்துகள் என்று அச்சிட்டிருந்தது. வித்தாக உறங்கத் தெரிந்த பாக்டீரியாவை உலர்த்திப் பாக்கெட்டில் அடைத்து மாதக்கணக்கில் அலமாரியில் வைப்பது எளிது. அம்மோனியா உண்ணும் இனங்களுக்கு வித்து உருவாக்கும் திறன் கிடையாது. ஒரு மில்லிலிட்டர் கழிவுநீரிலேயே லட்சக்கணக்கிலும் கோடிக்கணக்கிலும் பாக்டீரியா மிதந்து வரும் இடத்தில், ஒரு பிடி வித்துகளுக்கு என்ன அவசரத் தேவை என்றும் எனக்கு விளங்கவில்லை. தூள் வாங்குவதைச் சங்கம் நிறுத்தியது. படுகையில் எந்த மாற்றமும் தெரியவில்லை.

பெயர்ப் பட்டியல் சொல்லாதவை

எங்கள் குடியிருப்பில் வசிக்கும் ஆராய்ச்சி மாணவி ஒருவர், இரு பாதிகளிலிருந்தும் வழவழப்போடு கூடிய கற்களையும் மணலையும் எடுத்து, மரபணு வரிசைச் சோதனைக்குத் தம் ஆய்வகத்தின் வழியே அனுப்பினார். திரும்பி வந்தது, எந்த வகைப் பாக்டீரியா எவ்வளவு என்று காட்டும் பலவண்ணப் பட்டைகள் கொண்ட ஒரு வரைபடம். ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்துப் பார்க்கும் பழைய முறையில் சிக்குவது, இருக்கும் பாக்டீரியாவில் நூற்றில் ஒன்றைப் போல; ஆகவே இந்தச் சோதனை காட்டிய கூட்டம் பிரமிக்க வைத்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் பாதியில் கரிமப் பொருள் தின்பவையும் சல்ஃபேட் சுவாசிப்பவையும் மேலோங்கியிருந்தன. இரண்டாம் பாதியில் நைட்ரோஸ்பைரா பளிச்செனத் தெரிந்தது. பெயரிட முடியாதவை என்று ஒரு சாம்பல் நிறப் பட்டையும் இரண்டிலும் தடிமனாக இருந்தது.

ஆனால் அந்தப் பட்டியலை வைத்து யார் என்ன செய்கிறார்கள் என்று அடித்துச் சொல்வது அவ்வளவு எளிதல்ல. நைட்ரோஸ்பைராவையே எடுத்துக்கொள்ளலாம். வினோகிராட்ஸ்கி காலத்திலிருந்து நூறாண்டுக்கும் மேலாகப் பாடப்புத்தகங்கள், அம்மோனியாவை நைட்ரைட்டாக்குவது ஒரு கூட்டம், நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குவது வேறொரு கூட்டம் என்றே சொல்லிவந்தன. நைட்ரோஸ்பைரா இரண்டாம் கூட்டத்தில் வைக்கப்பட்டிருந்தது. 2015இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள், இரு படிகளையும் தனியாகவே செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைராக்களைக் கண்டறிந்தன. ஒன்று கிடைத்தது ரஷ்யாவில் எண்ணெய் தேடித் தோண்டிய ஆழ்கிணறு ஒன்றின் வெந்நீர்க் குழாய்ச் சுவரில். மற்றொன்று மீன் வளர்ப்புத் தொட்டியின் வடிகட்டியோடு சேர்ந்த அமைப்பில். எங்கள் மணலில் இருப்பது எந்த வகை என்று பட்டை வரைபடம் சொல்லாது. பிளாங்க்டோமைசீட்ஸ் என்ற பட்டையைப் பார்த்து மாணவி உற்சாகமானார். ஆக்சிஜன் இல்லாமலே அம்மோனியாவை நைட்ரஜன் வாயுவாக்கும் அனமாக்ஸ் பாக்டீரியா அந்தப் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. எங்கெல்பர்ட் புரோடா என்ற ஆஸ்திரிய வேதியியலாளர் 1977இல் ஆற்றல் கணக்கை மட்டும் வைத்து, அப்படி ஓர் உயிர் இருந்தாக வேண்டும் என்றார். 1990களில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் ஈஸ்ட் ஆலைக் கழிவுநீரைச் சுத்திகரித்த சோதனைக் கலத்தில் அது அகப்பட்டது. ஆனால் அந்தக் குடும்பத்தில் அனமாக்ஸ் செய்யாத உறுப்பினர்களே அதிகம். போதாக்குறைக்கு, இறந்த பாக்டீரியாவின் மரபணுவும் உயிருள்ளதன் மரபணுவும் அந்தச் சோதனைக்கு ஒன்றே. எனக்குக் குப்பியின் நிறமே இன்னும் நம்பகமான சாட்சி. பட்டியல் அதற்கு விளக்கவுரை எழுத உதவும்.

செடிகளை மொத்தமாகக் குறைத்துப் பேசும் எண்ணம் எனக்கில்லை. வேர்கள் பாக்டீரியா ஒட்டி வாழப் பரப்பைத் தருகின்றன. இளம் வேர்கள் கசியவிடும் சர்க்கரைகளும் அமிலங்களும் அவற்றுக்கு உணவாகின்றன. காற்றில் ஆடும் தண்டுகள் மணலின் மேல்தோல் இறுகாமல் கிளறிவிடுகின்றன. செங்குத்துப் பாதியில் நாணல் நடாமல் விட்டிருந்தால் மணல் இந்நேரம் அடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். சங்கத்தார் விருந்தினருக்குச் சொல்லும் விளக்கத்திலும் இப்போது நுண்ணுயிர்களுக்கு ஒரு வாக்கியம் கிடைத்திருக்கிறது, செடிகளுக்குப் பிறகுதான் என்றாலும்.

நைட்ரேட்டை என்ன செய்வது?

இப்போது எங்களுக்குள் நடக்கும் விவாதம் வேறு. அம்மோனியா போய்விட்டது, அதே அளவு நைட்ரஜன் நைட்ரேட்டாக வெளியே வருகிறது. அதை வாயுவாக்கி அனுப்பும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் இருக்கக்கூடாது, கரிம உணவு இருக்க வேண்டும். எங்கள் இரண்டாம் பாதியில் ஆக்சிஜன் உண்டு, உணவு இல்லை. இரண்டும் பொருந்திய இடம் முதலில் இருக்கும் கசடுத் தொட்டி. ஆகவே சுத்திகரித்த நீரில் ஒரு பங்கை மீண்டும் அங்கே அனுப்ப வேண்டும். வருகிற நீருக்குச் சமமான அளவைத் திருப்பினால் அதிகபட்சம் பாதி நைட்ரேட் போகும். இரு மடங்கு திருப்பினால் மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் படுகையின் வழியே ஓடும் நீரும் அதற்கேற்ப இரட்டிப்பாகும், மும்மடங்காகும், மின்கட்டணமும் ஏறும். உணவு போதாமல் வேலை பாதியில் நின்றால் வெளியேறுவது நைட்ரஸ் ஆக்சைடு. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும்.

தோட்டத்துத் தென்னைக்கும் வாழைக்கும் பாயும் நீரிலிருந்து நைட்ரேட்டை எதற்காகச் சிரமப்பட்டு எடுக்க வேண்டும், யூரியா வாங்கும் செலவாவது மிச்சமாகுமே என்பது செயலாளரின் வாதம். கோடையில் அவர் சொல்வது சரி. வடகிழக்குப் பருவமழையின்போது தோட்டம் நீர் கேட்பதில்லை. உபரி மழைநீர்க் கால்வாய் வழியே பக்கத்து ஏரிக்குப் போகிறது, அங்கே ஏற்கெனவே ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. எனவே அக்டோபர் முதல் ஜனவரி வரை மட்டும் நீரைத் திருப்பிவிடுவது, அளவு சமபங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது, கனமழை நாட்களில் படுகை நிரம்பி வழியாதபடி மோட்டாரை நிறுத்திவைப்பது என்று முடிவாகியிருக்கிறது. திருப்புக் குழாய்க்கான விலைப்புள்ளிகள் வந்துவிட்டன. அவற்றில் ஒன்றில், கடைசி வரியாக, ‘சிறப்புக் கல்ச்சர்’ என்று ஒரு தொகையும் சேர்க்கப்பட்டிருந்தது. அதை அடித்துவிட்டு மீதிக்கு ஒப்புதல் கொடுத்தோம்.